ஒன்பதாவது ஆளுக்கு ஜோடி

"என் போனைக் குடுக்கா—"

"குடுக்க மாட்டேன். ஒருத்தன் வீட்டுக்குப் போன் போட்டு, உன் பொண்டாட்டி உன் பொண்டாட்டியே இல்லன்னு சொல்லப்போறியா? அவன் போலீசுக்குப்—"

"சொல்லித்தான் ஆகணும். அங்க ஒரு சின்னப் பிள்ளை இருக்கு—"

"மூளை கலங்கிப்போச்சுடி உனக்கு. நாலு நாடு சுத்தினா இப்படித்தான். நல்லா சாப்பிட்டுத் தூங்கு, எந்தப் பேயும் கிட்ட வராது."

"தூங்கிக்கிட்டா பாடம் நடத்தினேன்?"

பெரியவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இட்டுக்கட்டிய கதையாக இருந்தால் அவள் இன்னும் நன்றாக இட்டுக்கட்டியிருப்பாள். நடந்தது நடந்தபடி இதுதான்.

சின்னவளுக்கு வேலை, நாடு நாடாகப் போய்ப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருவது. அவர்கள் மொழி இவளுக்குத் தெரியாது, இவள் மொழி அவர்களுக்குத் தெரியாது. நடுவில் ஆங்கிலம் நொண்டியடித்துக்கொண்டு போய்வரும். நாலாவது நாட்டில் கிடைத்தது ஒரு மாலை வகுப்பு. மூன்றாவது மாடியில் ஓர் அறை. கைப்பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலிகள். உட்கார்ந்த பிறகு பலகையை மடிமேல் இறக்கிக்கொள்ள வேண்டும், எழும்போது தூக்கிவிட வேண்டும். மாணவர்கள் ஒன்பது பேர்.

அதில் ஒருத்தி குருவி. அவள் சொந்தப் பெயர் சின்னவளின் வாயில் நுழையவில்லை. ஆள் குருவி மாதிரி இருந்ததால் மனசுக்குள் வைத்த பெயர் அது. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. சட்டைக் கையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். இடது கைக்காரி. புருஷனும் ஆறு வயது மகளும் வேறொரு நாட்டில் இருந்தார்கள். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் இவளையும் அங்கே விடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். என்ன கேட்டாலும் பதிலில் மகள் வந்து குதித்துவிடுவாள்.

"வெளிய மழையா?"

"மழை டீச்சர். என் மகள் வயசு ஆறு இருக்கு."

வகுப்பே சிரிக்கும். குருவியும் சேர்ந்து சிரிப்பாள். இவளை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று சின்னவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அந்தத் தேர்வுக்குத் தனியாகப் போக முடியாது. இரண்டு இரண்டு பேராக உள்ளே போய், ஒருவரோடு ஒருவர் பேசிக்காட்ட வேண்டும். அதனால் வகுப்பிலும் ஜோடி சேர்த்துத்தான் பயிற்சி. ஜோடிகள் பேசும்போது ஆசிரியர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கூச்சத்தில் பேச்சு நின்றுவிடும். ஜன்னலைப் பார்த்தபடி நடந்து, காதால் மட்டும் கேட்டுத் தப்புகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான்.

ஒன்பது பேர் என்றால் ஒருத்தர் மிச்சம். மிச்சமானவரோடு ஆசிரியர் போய் உட்கார வேண்டும். முதலில் சில நாள் சின்னவள்தான் குருவிக்கு ஜோடி. பிறகு ஒரு நாள் அவள் போவதற்குள் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டிருந்தது. இரண்டு குரல்கள். யாரோ துணைக்குப் போய்விட்டார்கள், நல்லதாகப் போயிற்று என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

குருவியின் பேச்சு மளமளவென்று வளர்ந்தது. சின்னவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்கிட்ட ஒரு பொண்ணு படிக்கிறா பாரு, சக்கைப்போடு போடுறா" என்று அக்காவிடம் போனில் அளந்தாள்.

ஒரு மாலை, சும்மா, குரல்களை எண்ணினாள். முன்னால் நாலு ஜோடி. எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். பின்னால்... இரண்டு குரல்.

திரும்பிப் பார்த்தாள்.

குருவி மட்டும் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. ஆனால் அதன் பலகை இறங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்து, மடிமேல் இறக்கிக்கொண்ட மாதிரி.

"யார்கூடப் பேசிட்டிருந்தே?"

"என் ஜோடியோடு" என்றாள் குருவி. ஒரு தப்பும் இல்லாத ஆங்கிலத்தில்.

வகுப்பு முடிந்ததும் சின்னவள் அந்தப் பலகையைத் தூக்கிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினாள். மறுநாள் அவளே திறந்தாள்.

பலகை இறங்கியிருந்தது.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குருவியின் சட்டைக் கையில் மாவு இல்லை. பேனா வலது கையில் இருந்தது. பேச்சில் மகள் வருவது நின்றுபோயிருந்தது.

"பாப்பா எப்படி இருக்கா?"

குருவி யோசித்தாள். "நன்றாக இருக்கிறாள், நன்றி." பாடப்புத்தகம் பேசுவது போல இருந்தது.

"இன்னிக்கு நான் உன் பக்கத்துல உட்கார்றேன்."

"வேண்டாம். இங்கே ஆள் இருக்கிறது."

சொல்லிக்கொண்டே சிரித்தாள். அப்போது பலகைக்கு அடியிலிருந்து அவளுடைய இடது கை மெல்ல நீண்டது. சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிகிற மாதிரி இறுக்கிப் பிடித்தது. மேலே வாய் வானிலையைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருந்தது... கீழே கை விடவே இல்லை.

என்ன செய்வது? யாரிடம் சொல்வது? அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

பெரியவள் இடையில் புகுந்தாள். "கையைப் பிடிச்சா என்ன? பரீட்சை பயம்டி."

"கேளுக்கா."

தேர்வு நாள். நாலு ஜோடிகள் போய்வந்துவிட்டன. குருவி மட்டும் பாக்கி. வேறு வகுப்பிலிருந்து ஒருவரை ஜோடியாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. குருவி எழுந்தாள். தனியாக உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

சின்னவள் கதவில் காதை வைத்தாள்.

இரண்டு குரல்.

ஒன்று தங்குதடையில்லாமல் பேசியது. இன்னொன்று திக்கியது. "என் மகள்... வயசு..."

சின்னவள் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

தட்டினாள்.

திக்கிய குரல் நின்றது.

தேர்வாளர் வெளியே எட்டிப் பார்த்தார். "ஏன் தட்டுறீங்க? முடிஞ்சுது. ஒருத்தங்க பிரமாதம். இன்னொருத்தங்கதான் பாவம், அழுதுட்டாங்க."

வெளியே வந்தது ஒருத்திதான்.

"இனிமே மகளைப் பாக்கலாம்" என்றாள் சின்னவள்.

"யாரை?" என்றாள் அவள். பிறகு, "ஓ. ஆமாம். மகள்."

அடுத்த வகுப்பில் எட்டுப் பேர். நாலு ஜோடி. மிச்சம் யாரும் இல்லை.

பின்வரிசையில்...

"மழை டீச்சர். என் மகள் வயசு ஆறு இருக்கு."

இந்தத் தடவை சின்னவள் உடனே திரும்பினாள். காலி நாற்காலி. இறங்கிய பலகை. அதன்மேல் விரல் தடங்கள், வெள்ளையாக. மாவு.

பள்ளி நிர்வாகியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். அவர் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். "முன்னாடி ஒரு பொண்ணு படிச்சா. தேர்வு வாசல்வரைக்கும் போனா. ஜோடிக்கு வர வேண்டியவ வரல. தனியா விட மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வீடு போய்ச் சேரல... ரயில்ல விழுந்துட்டா. அந்தப் பின்வரிசை நாற்காலியிலதான் உட்காருவா."

அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு சின்னவள் ஊர் திரும்பினாள். குருவி என்று எல்லோரும் நினைத்தவள் அதற்குள் விமானம் ஏறியிருந்தாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பெரியவள் அணைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எல்லாம் உன் காதுல கேட்டதுதான? வேற யாராவது கேட்டாங்களா? சொல்லு."

அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது. நீளமான வெளிநாட்டு எண். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தயங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

மூச்சுச் சத்தம். பிறகு ஒரு குழந்தைக் குரல், ஆங்கிலத்தில், ரகசியமாக.

"டீச்சரா?"

"ஆமாடா கண்ணு. யாரு?"

"அம்மா போன்ல உங்க நம்பர் இருந்துச்சு. அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்."

பெரியவளுக்கும் ஆங்கிலம் புரியும். போனைத் தங்கையின் பக்கம் நீட்டினாள்.

"என்னம்மா? சொல்லு."

"நீங்க அனுப்பினவங்க வந்துட்டாங்க, டீச்சர். நல்லா பேசுறாங்க. எங்க அம்மா மாதிரியேதான் இருக்காங்க... எங்க அம்மாவை எப்போ அனுப்புவீங்க?"