தோழர் வைரக்கண்ணு வீட்டுப் பாத்ரூம் தரை

டைல்ஸ் கடையில வேலை பாக்கிறவளுக்கு யாரைப் பார்த்தாலும் முதல்ல கால்தான் கண்ணுல படும், அப்புறம்தான் முகம். தஞ்சாவூர்ல ஒரு கடையில பதினாறு வருஷமா நிக்கிறேன். நிக்கிறேன்னா நிஜமாவே நிக்கிறேன், எங்க கடையில நாற்காலி கஸ்டமருக்கு மட்டும்தான். பாத்ரூம் பிரிவு என் பொறுப்பு. வீடு கட்டினவங்க, கட்டிக்கிட்டிருக்கிறவங்க, கட்டலாமான்னு யோசிச்சே தூக்கத்தைத் தொலைச்சவங்க எல்லாரும் நம்ம ஜாதி, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுலயே சின்ன ரூம் பாத்ரூம்தான், பெரிய சண்டை வர்றதும் அதுக்குத்தான். ஹாலுக்கு அரை மணி நேரத்துல முடிவெடுக்கிற குடும்பம், அஞ்சுக்கு ஆறு பாத்ரூமுக்கு மூணு நடை வந்து போகும். நான் "போர்சலின்"னு வாயெடுத்தாலே, "பீங்கானா? தட்டு மாதிரி உடைஞ்சு போயிடாதா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க, இது தண்ணியே குடிக்காது, செங்கல் விழுந்தாலும் தாங்கும்னு தினமும் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் தாங்கலை.

கண்ணாடி மாதிரி

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துலேருந்து இளங்கோ சார் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், புது வீடு கட்டிக்கிட்டிருந்தார். அவங்கப்பா வைரக்கண்ணு அந்த வட்டாரத்துக்கே தோழர். மிராசு நிலத்துல நடவு, அறுப்புன்னு கூலி வேலை பார்த்தவர். கூலி நெல்லு அரை மரக்கால் கூட்டிக் கேட்டுக் கொடி பிடிச்சு, அடிபட்டு, ஜெயிலுக்கும் போயிட்டு வந்தவர். "எங்கப்பா கால், காலம் பூரா சேத்துல நின்ன காலுங்க. இனிமே கண்ணாடி மாதிரி தரையிலதான் நிக்கணும்"னு இளங்கோ சார் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்த ஒண்ணை எடுத்துக் காட்டினேன். ஹாலுக்குப் போடுற பளபளப்பு டைல்ஸ் அது. பாத்ரூமுக்குக் கொஞ்சம் வழுக்கும் சார்னு சொன்னேன். சொன்னேனே தவிர சத்தமாச் சொல்லலை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். நிஜம் என்னன்னா, அந்தச் சரக்கு குடோன்ல தேங்கிக் கிடந்துது, எப்படியாவது தள்ளிவிடுன்னு முதலாளி அன்னைக்குக் காலையிலதான் சொல்லியிருந்தார்.

அஞ்சு மாசம் கழிச்சு அதே இளங்கோ சார் வந்து, ரப்பர் மேட் இருக்குமான்னு கேட்டார். எதுக்கு சார்னு கேட்டேன். குடிபோன நாலாம் நாள் அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, தொடை எலும்பு உடைஞ்சு, பிளேட் வெச்சிருக்காங்களாம். அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு கிலோ ஆப்பிளோட பஸ் ஏறிட்டேன்.

தோழர் தடி ஊன்றி நடந்துக்கிட்டிருந்தார். ஆனா அந்தப் பாத்ரூம் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேங்கிறார்னு மருமக மல்லிகா சொன்னாங்க. கொல்லையில குழாயடியில பழைய புடவையைத் திரையாக் கட்டி, மகன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குளியல். அதுவும் கூச்சப்பட்டுக்கிட்டு மூணு நாளைக்கு ஒரு தடவை. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, யார் கையையும் பிடிக்காம, தனியா ஒரு குளியல் போடணும், அது ஒண்ணுதான் அவருக்கு வேணுமாம். அவர் என்னைத் திட்டுவார்னு தயாராத்தான் போயிருந்தேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே உக்காரச் சொன்னார். தொடையைத் தட்டிக் காட்டி, "போலீஸ் தடியால உடைக்க முடியாத காலும்மா இது, உன் டைல்ஸ் உடைச்சிருச்சு"ன்னார்.

சோப்புத் தண்ணிப் பரீட்சை

திரும்பி வர்ற பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன், அந்த மனுஷனுக்கு வழுக்காத தரை கண்டுபிடிக்காம விடறதில்லைன்னு. அடுத்த நாள் கடை வாசல்லயே அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டுல நாலு விதமான டைல்ஸை அடுக்கி, சோப்புத் தண்ணியை ஊத்தினேன். யார் பாத்ரூமுக்கு டைல்ஸ் கேட்டாலும், செருப்பைக் கழட்டிட்டு இதுல நில்லுங்கன்னு சொல்லிடுவேன். குழந்தைங்களுக்குக் கொண்டாட்டம், இறங்கவே மாட்டாங்க. அத்தனை கால் ஏறி இறங்கினதுல எனக்கு ரெண்டு விஷயம் பிடிபட்டுது. பளபளப்பு இல்லாத மேட் போர்சலின்தான் ஈரத்துல காலைப் பிடிக்குது. அதுலயும் பெரிய டைல்ஸைவிடச் சின்னது நல்லது, இடுக்கு நிறைய வர்றதால விரல் ஊன்றி நிக்க முடியுது.

இந்த ஞானம் சும்மா கிடைக்கலை. ஒரத்தநாட்டுக்காரர் ஒருத்தர், பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டைச் சரி பண்றவர், வெள்ளை வேட்டியோட ஏறினார். பளபளப்புல கால் வெச்சதும் சர்ருன்னு போயி, பக்கத்துல நின்ன எங்க முதலாளி தோளைப் பிடிக்க, ரெண்டு பேரும் ஜோடியா சோப்புத் தண்ணியில உக்காந்தாங்க. கல்யாண வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார், மேட் டைல்ஸே பத்துப் பெட்டி எடுத்துக்கிட்டும் போனார். முதலாளி வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டார்: "ஏம்மா, வர்றவங்களை வழுக்கி விடுறதுக்கா நான் உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?"

துபாயிலேருந்து ஒரு பாத்ரூம்

அதிராம்பட்டினத்துலேருந்து ஒரு அம்மா மகளோட வந்தாங்க. மகன் துபாய்ல, வீடியோ காலில். தம்பி நல்ல ரசனைக்காரர். கறுப்புத் தரை வேணும், குளிக்கிற இடத்துக்கும் மத்த இடத்துக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேல மழை மாதிரி கொட்டுற ஷவர், எல்லாம் ஓட்டல்ல பார்த்தது. நான் கறுப்பு டைல்ஸைப் போன்ல காட்ட, சூப்பர்னார். அந்த அம்மா செருப்பைக் கழட்டிட்டு என் தட்டுல ஏறி நின்னு, ஒவ்வொரு டைல்ஸா மாறி மாறிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவங்க ஊர் உப்புத் தண்ணிக்குக் கறுப்புத் தரையில வெள்ளை வெள்ளையாப் படியும். தொழுகைக்கு முன்னாடி ஒலு செய்யறப்போ ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு மறு காலைக் கழுவறதுக்குள்ள அவங்களுக்குத் தலை சுத்துதாம். அதனால உக்காந்து கை கால் கழுவ முழங்கால் உசரத்துக்கு ஒரு திட்டு வேணும், அதுக்கும் இதே மேட் டைல்ஸ் ஒட்டணும். கண்ணாடித் தடுப்பு மட்டும் இருக்கட்டும், தரை பாதி காய்ஞ்சிருக்கும்ல, அதை அவன் சொன்னது சரிதான்னாங்க. எனக்கு அந்தத் திட்டு விஷயம் சட்டுனு மனசுல ஒட்டிக்கிச்சு, தோழர் ஞாபகம் வந்துடுச்சு. மகன்கிட்ட என்னங்க சொல்றதுன்னு கேட்டேன். "அவன் பாக்கிறது போன்லம்மா, நிக்கப்போறது நானு"ன்னு சொல்லிட்டு, சாம்பல் கலரை எடுத்து வெச்சாங்க.

கட்சிக்காரர் வீட்டுச் சுவர்

கும்பகோணம் பக்கத்துலேருந்து கரை வேட்டிக்காரர் ஒருத்தர் மனைவியோட வந்தார். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, கடைக்கு ரெண்டு பக்கமும் வேணும். அந்த அம்மா சுவத்துக்குன்னு ஒரு டிசைன் எடுத்தாங்க, நல்ல டிசைன். அவர் அதை எட்ட நின்னு பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், தலையைச் சாய்ச்சுப் பார்த்தார். அதுல அவருக்கு எதிர்க்கட்சிச் சின்னம் தெரிஞ்சுடுச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அதுல பூதான் தெரியுது.

காலங்காத்தால எந்திரிச்சு இது முகத்துலயா முழிக்கணும்னு ஒரே பிடிவாதம். எங்க முதலாளி சமயோசிதமா, அப்படின்னா தரையில போட்டு தினமும் மிதிங்களேன்னு யோசனை சொன்னார். மனுஷனுக்கு முகம் மலர்ந்துடுச்சு, பாதி சம்மதிச்சும்விட்டார். சுவர் டைல்ஸைத் தரையில போட்டா வழுக்கும் சார்னு நான் இந்தத் தடவை கடை அதிர்ற மாதிரி சத்தமாச் சொன்னேன். அந்த அம்மா பையை மாட்டிக்கிட்டு எழுந்தாங்க: "உங்க ஆட்சி அஞ்சு வருஷம், டைல்ஸ் இருபது வருஷம். எனக்குப் பிடிச்சதைச் சுவத்துலயே போடுங்க."

சேத்துக் கலர்

பரீட்சையில தேறின டைல்ஸ் மூணை ஒரு கட்டைப்பையில போட்டுத் தூக்கிக்கிட்டு மறுபடியும் நீடாமங்கலம் பஸ். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துட்டு, என்னம்மா அம்மிக்கல்லான்னார். தோழர் வீட்டுக் கொல்லையில மூணையும் பரப்பிச் சோப்புத் தண்ணியைக் கரைச்சேன். தோழர் தடியால தடுத்து, சோப்பு எல்லாம் வேண்டாம், வாய்க்கால்லேருந்து ஒரு கை களிமண் கொண்டான்னு மகன்கிட்ட சொன்னார். சேத்தை உள்ளங்கால்ல பூசிக்கிட்டு, தண்ணியை ஊத்தச் சொல்லி, இளங்கோ சார் தோளைப் பிடிச்சபடி ஒண்ணொண்ணுலயும் ஏறி நின்னார்.

செங்கல் சிவப்புல இருந்தது நல்லாப் பிடிச்சுது. தோழருக்குச் சிவப்புதானே பிடிக்கும்னு நானும் உற்சாகமாச் சொல்லிவெச்சேன். சிவப்பைக் கையில பிடிக்கலாம், காலால மிதிக்கக் கூடாதும்மான்னு அதை ஒதுக்கிட்டார். கடைசியில அவர் தேர்ந்தெடுத்தது, கரும்பழுப்பா சேத்துக் கலர்ல, சின்னச் சின்னதா ஒரு மேட் போர்சலின். இளங்கோ சாருக்கு முகம் சுண்டிப்போச்சு. சேத்துலேருந்து உங்களைக் கரையேத்தணும்னுதானேப்பா இந்த வீட்டையே கட்டினேன், மறுபடியும் அதே கலரான்னார். தோழர் அவர் தோள்லேருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "சேத்துல நான் ஒரு நாளும் விழுந்ததில்லைடா."

கடைமடை

முதலாளிகிட்ட நடந்ததைச் சொன்னேன். அவர் வேண்டிய பெட்டிகளைத் தானே வண்டியில ஏத்தி அனுப்பிவெச்சார். கூடவே எங்க கடைக்கு வழக்கமா டைல்ஸ் ஒட்டுற சேகரையும் அனுப்பினார். சேகர் கெட்டிக்காரன், ஆனா அவன் வேலையை யாரும் குறை சொல்லக் கூடாது. பழைய பளபளப்பையெல்லாம் பெயர்த்துட்டுப் புதுசை ஒட்டினான். அதிராம்பட்டினத்து அம்மா சொன்ன மாதிரி உக்கார்ற திட்டு, அதுக்குப் பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. இடுக்கெல்லாம் பூசி, காய விட்டு, துடைச்சு, நிமிர்ந்து நின்னு எப்படின்னு கேட்டான்.

தோழர் பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, ஒரு வாளித் தண்ணியைச் சாய்க்கச் சொன்னார். வயல்ல தண்ணி பாயறதைப் பாக்கிற மாதிரி குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். எல்லாத் தண்ணியும் வெளியே போற ஓட்டை மேல இருக்கிற ஜாலிக்குப் போயிடுச்சு, கோடி மூலையில மட்டும் ஒரு உள்ளங்கை அளவு தேங்கி நின்னுது. அது தானாக் காஞ்சிடும் ஐயான்னு சேகர் மழுப்பினான். தேங்கின தண்ணியிலதான் பாசி பிடிக்கும், பாசியிலதான் வழுக்கும்னு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தோழர் முந்திக்கிட்டார்: "வாய்க்கால் கோடியில, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு எத்தனை தடவை ரயிலை மறிச்சிருக்கேன். உன் கடைமடைக்கு மட்டும் எப்படிடா தண்ணி வந்துச்சு?" சேகரே சிரிச்சுட்டான். மூலையில நாலு டைல்ஸைப் பெயர்த்து, தண்ணி ஓடுற வாட்டத்தைச் சரி பண்ணினான்.

தாழ்ப்பாள்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில முதல் குளியல். இளங்கோ சார் லீவு போட்டிருந்தார். மல்லிகா, சேகர், நான், அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் இருந்தோம், போதாக்குறைக்கு எங்க முதலாளியும் சும்மா பார்க்கலாம்னு வந்து நின்னார். தோழர் தோள்ல துண்டோட தடி ஊன்றி வந்தார். மகன் கையை நீட்டினார். தோழர் அந்தக் கையில தடியைக் குடுத்துட்டு, சுவத்துக் கம்பியைப் பிடிச்சு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டுது.

மொண்டு ஊத்துற சத்தம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்துச்சு. அப்புறம் நின்னு போச்சு. நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியலை. இளங்கோ சார் கதவுல கை வெச்சு அப்பான்னு கூப்பிட்டார். பதில் இல்லை. மல்லிகா கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. கதவை உடைச்சிரலாமான்னு சேகர் கடப்பாரையைத் தேட ஆரம்பிச்சான். இளங்கோ சார் மறுபடியும் உரக்க அப்பான்னார்.

உள்ளேயிருந்து, மைக் இல்லாமலே ஊரைக் கூட்டின அந்தப் பழைய குரல் வந்துச்சு: "ஒரு மனுஷன் திட்டுல உக்காந்து நிதானமா சோப்புப் போடக் கூடாதா? மறியல் பண்றதா இருந்தா கொடி எடுத்துட்டு வாங்க, இல்லைன்னா கலைஞ்சு போங்க."

இப்பல்லாம் யாராவது பாத்ரூமுக்குக் கண்ணாடி மாதிரி தரை வேணும்னு கேட்டா, கண்ணாடிக் கடை அடுத்த தெருவுல இருக்குங்கன்னு முதலாளிக்கும் கேக்கிற மாதிரி சத்தமாவே சொல்லிடறேன்.