டிராகனுக்கு ஜைத்தூன் எண்ணெய்

என் அண்ணன் யூசுப்பின் மனைவி ஹபீபா பீவி, எனக்கு மைனி. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். காலையில் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு வைப்பார், மத்தியானத்துக்கு மேல் வீட்டில் பெயிண்டும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுவார். விரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்களையும் பூதங்களையும் துண்டு துண்டாக வாங்கி, பசை போட்டு ஒட்டி, கண் புருவம் வரைக்கும் வர்ணம் தீட்டுவார். மேசையில் வைத்துச் சண்டை போட்டு விளையாடும் பொம்மைகள் அவை. அந்த விளையாட்டு மைனிக்கு ஒரு மண்ணும் புரியாது. தீட்டுவதில்தான் பைத்தியம்.

மடிப்புகளில் நிழல் தெரிவதற்காகத் தண்ணியாக ஒரு கறுப்பு வர்ணம் ஊற்றுவார்கள். மைனி அதற்கு வைத்த பெயர் 'குவா', சோற்றில் ஊற்றுகிற அதே குழம்புதான். குவா பத்தலை, இன்னும் ஊத்து என்பார். மைனி இதையெல்லாம் வாங்கும் பொம்மைக் கடைக்கு வரும் ஆட்கள் எல்லாரும் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அண்ணனுக்கு மட்டும் இதெல்லாம் வேலையத்த வேலை. அந்தக் கடைப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை.

போன மாதம் அங்கே வர்ணம் தீட்டும் போட்டி வைத்தார்கள். மைனி ஒரு சிவப்பு டிராகன் தீட்டினார். அப்பப்பா, செதிலுக்குச் செதில் வேறு வேறு சிவப்பு! பரிசெல்லாம் அப்புறம், தன் டிராகனை ஊரார் நடுவில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. போட்டியன்று மூன்று மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசியாக, வர்ணம் உதிராமல் இருக்க வார்னிஷ் ஸ்பிரே பாக்கி. மழை நேரத்தில் அடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷி, பரபரப்பில் பொறுமை கெட்டு, கொட்டுகிற மழையில் வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்று அடித்துவிட்டார்.

நான் காரோடு போய் நின்றபோது டிராகன் மாவில் புரண்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டதாம். மைனி டிராகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பொம்மைக் கடை அஸ்லானுக்குப் போன் போட்டேன். ஜைத்தூன் எண்ணெயை, அதான் ஆலிவ் எண்ணெயை, தூரிகையில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் நிறம் திரும்பலாம் என்றான். வீட்டில் இருந்ததோ அண்ணன் உம்ரா போனபோது மக்காவில் வாங்கிய ஒரே குப்பி. முட்டி வலிக்குச் சொட்டுச் சொட்டாகத் தடவுவார், வேறு யாரையும் தொடவிட மாட்டார். என் காய்ச்சலுக்குக்கூட ஒரு சொட்டு தந்ததில்லை. மைனி கேட்கவே தயங்கினார். நான் போய் அண்ணனை எழுப்பிக் கேட்டேன்.

எழுந்து வந்து டிராகனைப் பார்த்தார். மைனியின் முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கத்த வாயெடுப்பதற்குள் குப்பியோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து நீட்டினார்.

"முட்டி நாளைக்கும் வலிக்கும்லா. நீ தடவு."

முதல் இழுப்பிலேயே இறக்கையில் சிவப்பு பளிச்சென்று எழுந்தது. மைனி சத்தம் போட்டுச் சிரித்தார். நான் குதித்தேன். அண்ணன், யாரும் கூப்பிடாமலே, குப்பியும் கையுமாகக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போட்டியில் மைனிக்கு இரண்டாம் பரிசு. டிராகனைச் சுற்றி ஒரே கூட்டம். இந்தப் பளபளப்புக்கு என்ன வார்னிஷ் என்று நடுவர் கேட்டார். மைனி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"மக்கா எண்ணெய். இன்னும் அரைக் குப்பி இருக்கு, யாருக்காச்சும் வேணுமா?"