ராகுகாலத்துக்கு முந்திய எட்டு நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க அழைப்பிதழ்கள் கிடந்தன. மகளின் வீணை அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம். மிருதங்கக்காரர் சென்னையிலிருந்து வர டிக்கெட்டும் எடுத்தாயிற்று. என் கணவர் கதிரையை மேசையோடு இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் உறையின் மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலரைக்கு ராகுகாலம் துவங்குது. நாலேகாலுக்கு நான் கொண்டுபோய்த் தபால்பெட்டியில போட்டிடுவன். நீர் பிள்ளையை ஐஸில சறுக்கவிட்டிட்டு நேரத்தோட கூட்டிக்கொண்டு வாரும்."

"ஓம்" என்றேன்.

சறுக்குகிறாள் என்பது மட்டுந்தான் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தோடு ஐஸ் ரிங்குக்குப் போனவள், ஒரு வருடத்தில் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கோல்கீப்பர் ஆகியிருந்தாள். படிவத்தில் கையெழுத்து வைத்தது நான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு, அதுவரை சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்துவிட்டது. அதனால் நாளும் தள்ளிக்கொண்டே போனது. அவளுடைய முகமூடியும் அடிபடாமல் கட்டுகிற காப்புகளும் இன்னொரு பிள்ளையின் தாயின் வான் வண்டிக்குள் கிடந்தன.

மகளுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வீணையின் மெட்டுகளில் ஓடுவது இடது கை விரல்கள். பறந்து வருகிற பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, கோல்கீப்பர் பிடிப்பதும் இடது கையால்தான். விரலில் அடிபட்டால் அவள் அந்தக் கையை என் பக்கம் தூக்கிக் காட்டவேண்டும். நான் போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லி அவளை வெளியே எடுப்பேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தாள்.

முதல் மாதங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டம் பார்த்தேன். எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பிளே ஓஃப் ஆட்டத்தன்று அவளின் கோலுக்குப் பின்னால், கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று யாழ்ப்பாணத் தமிழில் கத்திக்கொண்டிருந்தவள் நான்தான். தோற்றால் அன்றோடு சீசன் முடிந்தது. வென்றால் இறுதி ஆட்டம். எங்கள் பக்கம் ஒரு கோல், அவர்கள் பக்கம் ஒன்றுமில்லை.

"நகத்தை விடு, அது பிறகும் தேவைப்படும்," என்று வான்காரத் தாய் தேநீர்க் கோப்பையை நீட்டினாள். "உன் பிள்ளை அங்கே சுவர் மாதிரி நிற்கிறாள். நீதான் ஆடுகிறாய்."

கடைசிப் பகுதியில் எட்டு நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி மிகக் கிட்ட இருந்து ஓங்கி அடித்தாள். மகள் கையை விரிக்க முன்னமே பக் கையுறையின் நுனியில் பட்டு மேலே எழும்பியது. சனம் கைதட்டியது. அவள் இடது கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு குனிந்தாள். வீணைத் தந்தி விரலை அறுத்தாலும் அவள் அழமாட்டாள். இப்படித்தான் கக்கத்துக்குள் கையை வைத்துக்கொள்வாள். அந்த அரங்கில் அது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். முகமூடிக் கம்பிகளுக்குள்ளால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. தலையை மெதுவாக, இல்லை என்று ஆட்டினாள்.

சுவர் மணிக்கூட்டில் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வாசலில் காசு போடுகிற டெலிபோன் இருந்தது. நான் அப்போதே போய் "கார்டுகளைப் போடாதேங்கோ" என்று சொல்லியிருக்கலாம். பயிற்சியாளரிடம் போயிருக்கலாம். அவர் நின்ற இடத்துக்கு இருபது அடிகூட இல்லை. போனால் மகளுக்குப் பதிலாக இறங்கவேண்டியது, சேர்ந்து இரண்டு மாதமே ஆன பிள்ளை. எங்கள் ஒரு கோல் நிற்காது.

நான் போகவில்லை.

மகளுக்காகத்தான் நின்றேன் என்று பிறகு பல பேருக்குச் சொன்னேன். அவளின் ஆசையைக் கெடுக்க விரும்பவில்லை என்று சொன்னேன். அது பொய். எனக்கு வெல்லவேண்டும்போல் இருந்தது. ஐஸ் ஹொக்கியில் விசில் ஊதும்போதெல்லாம் மணிக்கூட்டை நிறுத்துவார்கள். எட்டு நிமிடம் இருபது நிமிடமாக இழுபடும். அந்த இருபது நிமிடமும் பக் அவளின் இடது பக்கம் வரும்போதெல்லாம் நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். ஆனாலும் வாய் "பிடி, பிடி!" என்றுதான் கத்தியது. உடைந்த விரலால் பிடி என்று பெற்ற தாய் கத்தினேன். அவள் பிடித்தாள். இரண்டு தரம் பிடித்தாள்.

முடிவுச் சங்கு ஊதியபோது பிள்ளைகள் எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள். நான் வான்காரத் தாயைக் கட்டிப்பிடித்துத் துள்ளினேன். அதற்குப் பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். நாலு பதினாறு.

உடுப்பு மாற்றும் அறையில் கையுறையைக் கழற்ற அவளுக்கு ஏலவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். சுட்டுவிரல் நாவல்பழ நிறத்தில் வீங்கி, நடு மூட்டில் பக்கவாட்டாகத் திரும்பியிருந்தது. வான்காரத் தாய் ஐஸைச் சுரண்டி பாண் சுற்றிவந்த ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். பிறகு எக்ஸ்ரேயில் இரண்டு முறிவு காட்டினார்கள். அரங்கேற்றம் நடந்தது அடுத்த வருடந்தான். இப்போதும் சில கமகங்களில் அந்த விரல் ஒரு கணம் பிந்தும். கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும்.

"அம்மா, அப்பாட்டச் சொல்லாதேங்கோ," என்றாள். பிறகு விரலைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லுங்கோ," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட முன் வாசல் டெலிபோனில் காசு போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எல்லாம் போட்டாச்சு. சரியா நாலேகால். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கு. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

விரலைப்பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வெண்டிட்டம்," என்றேன்.



"என்னத்தை வெண்டது?"

பாண் பைக்குள் இடது கையை வைத்தபடி பக்கத்தில் நின்ற மகள், வலது கையை நீட்டி ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினாள்.

"அப்பா, முதல்ல கதிரையில இருங்கோ," என்றாள்.