தனியாக ஒரு காப்பி

லேப்டாப் மேசைக்கு வந்ததும் டிஸ்க் அக்கா அதைத் திறப்பதில்லை. சார்ஜர் வயரைச் சுருட்டி, தன் பக்கத்து இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். "ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிக் காட்டிடறேன் மேடம்" என்று கெஞ்சுகிறவர்களுக்கு அந்த இழுப்பறை திறக்காது. பிறகு ஓர் அட்டையை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்பார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலையே!"

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பதிலைக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. அட்டையில் 'ஒ.ப.' என்று சுருக்கமாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். டிஸ்க்கில் அழிந்ததைக் கூட எடுத்துவிடலாம், ஆட்கள் மறைப்பதை எடுப்பதுதான் பெரும்பாடு என்பது அவர் கட்சி.

செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுக்க இடுக்கு மாதிரி ஒரு கடை. அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. தூரத்துக்கு ஒரு கண்ணாடி, கிட்டத்துக்கு ஒன்று. ஒன்று மூக்கில் இருக்கும்போது மற்றது நெற்றியில் இருக்கும், அதை மேசையெல்லாம் தேடுவது தினமும் நடக்கிறது. எதுவும் ஒன்றே ஒன்றாக இருப்பது அவருக்குப் பிடிக்காது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, தபால் பெட்டிச் சாவி எல்லாவற்றிலும் மும்மூன்று உண்டு. மூன்றாவதெல்லாம் தங்கை வீட்டில் இருக்கிறது. "எங்க வீட்டுச் சாவியத் தேடினா உன் சாவிதான் கைல கெடைக்குது" என்று தங்கை அலுத்துக்கொள்வாள்.

"தனியா ஒரு காப்பி இருக்கா?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. ஒரு பெரியவர் அதற்கு, "வேணாம்மா, வரும்போதே குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாராம். இதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லி அக்கா தானே சிரித்துக்கொள்வார். அவருக்குச் சிரிப்பு வராத பதில் ஒன்றும் உண்டு. "இருக்கே, டி டிரைவ்ல பத்திரமா இருக்கு."

"அது தனி இல்லீங்க. சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்லதான் இருக்கு. ஒரே ரூம்தான், நடுவுல துணி கட்டித் தொங்கவிட்டிருக்கு. தீப்பிடிச்சா துணி என்ன பண்ணும்?"

போன வாரம் காலை ஒன்பதரைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஸ்டூலில் மனைவி உட்கார, கணவர் பின்னால் நின்றார். அவர்களுடைய ஒன்பது வயது மகளுக்கு நாலு வயதிலிருந்து வலிப்பு வருகிறது. வந்த தேதி, மணி, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றையும் அம்மா குறித்து வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு ஃபைல், மொத்தம் அறுபத்திரண்டு. மருந்தை மாற்றுவதா, ஆபரேஷன் செய்வதா என்று அன்று நாலு மணிக்குப் புது டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்வதாக இருந்தது.

"அந்த ரெக்கார்டு இல்லாம வராதீங்கன்னு சொல்லிட்டாரு மேடம். பத்திரமா இருக்கட்டும்னுதான் எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்தினேன்" என்றார் மனைவி.

அக்கா துணிக் கதையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்பு சி டிரைவில் இடம் தீர்ந்துபோயிருக்கிறது. டி டிரைவில் பழைய படங்கள்தான் இருக்கும் என்று நினைத்த கணவர், அதை அழித்து, கிடைத்த இடத்தை சி டிரைவோடு சேர்த்துவிட்டார்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க சார்?"

"ஒண்ணுமே பண்ணல" என்றார் அவர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அக்கா அட்டையில் இரண்டு கேள்விக்குறி போட்டார். பிறகு மனைவியிடம் திரும்பி, "மூணாவது கடைல டீ நல்லா இருக்கும்மா. குடிச்சிட்டு, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வர்றீங்களா?" என்றார். ஜோடியாக வருகிறவர்களிடம் பாதி உண்மைதான் வரும். மீதிப் பாதிக்காகப் பல பேரை அவர் டீ வாங்க அனுப்பியிருக்கிறார்.

கதவு சாத்தியதும் கணவர் மென்று விழுங்கினார். "அழிஞ்சத எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேர்னு ஒண்ணு இறக்கினேன் மேடம். அது சரிவரல. இன்னொண்ணு இறக்கினேன். மொத்தம் மூணு."

"எதுல?"

"அதே லேப்டாப்லதான்."

அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். தொலைந்தவை கிடந்த இடத்தின் மேலேயே மனிதர் மூன்று மூட்டையைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்.

"அவளுக்குத் தெரிய வேணாம் மேடம்."

"என் வாய்லேர்ந்து வராது சார்."

டிஸ்க்கைக் கழற்றி, அதை எழுத்துக்கு எழுத்து வேறொரு டிஸ்க்கில் படியெடுக்க ஆரம்பித்தார். கொண்டுவந்த டிஸ்க்கில் அவர் வேலை செய்யவே மாட்டார், படியெடுத்ததில்தான் எல்லாத் தேடலும். மூன்றேகால் மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நேரா அதுலயே பாத்துடக் கூடாதா?" என்றார்.

"நேரா பாத்ததுலதானே..." என்று தொடங்கி, டீயோடு வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒன்றும் கிடைக்காமல் ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாட்கள் அவருக்கு உண்டு. அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு இறங்காது. அன்று டீயும் பாதியில் நின்றது.

இரண்டேகால் மணிக்கு ஐம்பத்தொன்பது ஃபைல்கள் கிடைத்தன. பெயரையும் அளவையும் மட்டும் சரிபார்த்துவிட்டு, திரையை மனைவி பக்கம் திருப்பினார். அடுத்தவர் எழுதியதைத் திறந்து படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் நின்றுவிட்டார்.

"கடைசி மூணு மாசம் எங்க மேடம்? டாக்டர் முதல்ல அதத்தானே கேப்பாரு?"

"அந்த எடத்துல வேற எழுத்து ஏறிடுச்சும்மா."

"எப்படி ஏறுச்சு?"

அக்கா மேசையில் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றார் கணவர். மூன்று சாஃப்ட்வேர் கதையையும் நின்றபடியே ஒப்பித்தார். மனைவி திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருக்கு மாதத்தில் முக்கால்வாசி நாள் வெளியூர் வேலை. "ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு மெசேஜ் போடுவியே..."

"அது எங்க இருக்கு? பாப்பா என் போனை நோண்டுவா, படிச்சிடப் போறாளேன்னு போட்ட கையோட அழிச்சிடுவேன்."

"நான் அழிக்கல."

நீட்டிய போனில் தேதியும் மணியும் வரிசையாக இருந்தன. 'வந்துச்சு. ரெண்டு நிமிஷம். இப்ப தூங்கறா.' அதன் கீழே அவர் அனுப்பிய 'சரி'. மறுபடி, 'வந்துச்சு. ஒண்ணரை நிமிஷம்.' அதற்கும் 'சரி'. விரலால் தள்ளத் தள்ள அதுதான் வந்துகொண்டிருந்தது. அடுத்தவர் எழுதியதைப் படிக்காத அக்கா நாலைந்தைப் படித்துவிட்டார்.

மனைவி போனை வாங்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வீட்ல இருந்தப்போ வந்தது மூணோ நாலோதான், அது எனக்கு ஞாபகம் இருக்கு. மத்ததப் படிங்க. மெதுவா படிங்க."

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் தேதியைப் படித்தார். டிஸ்க் அக்கா தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை மேசையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போய், ஸ்டூலை ஒட்டினாற்போல் கணவருக்குப் போட்டார்.