பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட தவளை

தாம்பரம் பக்கம் வளர்ந்தவளுக்குத் தவளை ஒரு அதிசயமா? ஐப்பசி பிறந்தால் சேலையூர் ஏரி நிரம்பி எங்கள் தெருவே குளமாகிவிடும். பாத்ரூம் கதவைத் திறந்தால் பக்கெட்டுக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்துகொண்டு, நாம்தான் அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி முறைக்கும். அப்படியிருக்க, தவளையைத் தேடிக் கப்பலேறப் போகிறேன் என்று நான் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விலங்கியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேடம் அந்தமான் மலைக்காட்டில் ஒரு தவளையைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். குளம் குட்டைகளை அது திரும்பியும் பார்க்காது. பெரிய மரங்களின் பொந்தில் மழைத்தண்ணீர் தேங்கினால், அதில் உட்கார்ந்து ஆண் கூப்பிடும். பெண் வந்து அங்கேயே முட்டையிடும். அந்தத் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஜூன் மழைக்கு மேடம் மறுபடி போவதாக இருந்தார், என்னையும் அழைத்தார். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

பொந்துக்குள் இருப்பதைக் காதால்தான் தேட வேண்டும். அதனால் மேடம் முந்தைய பயணத்தில் பதிவுசெய்த கேசட்டைக் கொடுத்து, அந்தக் குரலை மனப்பாடம் செய்யச் சொன்னார். மழை, சில்வண்டு, வேறு தவளைகள் என்று இத்தனை இரைச்சலுக்கு நடுவே நம்முடையது மெல்ல 'டொக்... டொக்' என்னும். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் காலை பக்திப் பாட்டுக்குப் பதில் இதுதான் ஓடியது. ஷேவ் செய்துகொண்டே அப்பா, "இப்ப கத்தினது நம்ம ஆளா, பக்கத்துப் பொந்துக்காரனா?" என்று கிண்டல் செய்வார். அம்மா புளி கரைத்த கையோடு தலையில் அடித்துக்கொள்வாள்.

கிண்டல் வேறு, சம்மதம் வேறு. "வரன் பாத்துக்கிட்டிருக்கோம். அமைஞ்சு, மாப்பிள்ளையும் சரின்னா போ" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். யாரென்றே தெரியாத ஒருவன் கையில் என் அந்தமான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டு அக்காவும் அப்பா கட்சி. அவர்கள் பழைய ஊர்க்காரர்கள். அவர்களுடைய நெல்வயல்தான் மனையாகி எங்கள் காலனி ஆனது. தெருவில் டெலிபோன் இருந்ததும் அவர்கள் வீட்டில் மட்டும்தான். "இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது! தவளைக்கு எதுக்குக் கப்பலு? மழ வந்தா உங்க வூட்டாண்டயே கத்திகினு கெடக்குமே!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் பாடுவாளா என்று கேட்காமல் பஜ்ஜியில் கை வைக்காத காலம் அது. எனக்கோ ஐஸ் தண்ணீர் குடித்துத் தொண்டை கட்டியிருந்தது. அப்பா முன்யோசனைக்காரர். நான் பாடியதை எப்போதோ பதிவுசெய்து வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், "தொண்ட சரியில்லீங்க, ஆனா டேப்புல இருக்கு" என்று பெருமையாகப் பட்டனை அழுத்தினார்.

கத்திரி வெயிலில் எங்கள் ஹாலில் மழை பெய்தது.

"ரெக்கார்டிங்ல கொஞ்சம் இரைச்சல். இப்ப ஆரம்பிச்சிடுவா" என்றார் அப்பா. சில்வண்டு இழுத்தது. பிறகு டொக்... டொக். கொஞ்சம் காது மந்தமான மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். சமையலறைத் திரைக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்ற நான் சிரிப்பை அடக்கியதில் டம்ளர்கள் ஆடின.

கேசட் மாறியது அப்போதுதான் உறைத்து, அப்பா பதறிப்போய் டேப்பை அணைத்துவிட்டு, தவளை, ஆராய்ச்சி என்று வியர்க்க வியர்க்க விளக்கினார். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "கல்யாணத்துக்கப்புறம் இந்தக் கருமமெல்லாம் இருக்காதில்ல?"

என் சிரிப்பு போயே போய்விட்டது. இருக்காது என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை முடிந்தது. சொல்லத்தான் போகிறார் என்றும் நினைத்தேன். ஆனால் தினமும் கேட்டுக் கேட்டு அது அவருக்கும் நம்ம வீட்டுச் சத்தம் ஆகிவிட்டிருந்தது போல. நாம் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், வெளியார் சொன்னால் பொறுக்குமா?

"கருமம் இல்லீங்க" என்றார் அப்பா. "அது ஆண் தவளை. மரப்பொந்துல உக்காந்து ஜோடியக் கூப்பிடுது. உலகத்துலயே அங்க மட்டும்தான் இருக்கு. ஜூன்ல எங்க பொண்ணு அதைத் தேடிப் போறா."

"ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று எழுந்துவிட்டார்கள். குரோம்பேட்டை என்ன சீமையா? தாம்பரத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். லெட்டர் இன்றுவரை வரவில்லை. அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாமல், மிஞ்சிய பஜ்ஜியையெல்லாம் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஜூன் மாதம் போனேன். கப்பலில் வாந்தி, காட்டில் அட்டைக்கடி. மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. பொந்து பொந்தாகக் காதை வைத்துக் கேட்டோம். பாதிப் பொந்துகளில் தண்ணீரே இல்லை. கேசட்டில் இருந்த மற்ற எல்லோரும் கத்தினார்கள், நம்ம ஆளைத் தவிர.

போர்ட் பிளேர் திரும்பியதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்கு போன் போட்டேன். எனக்கு உள்ளூரப் பயம். வந்த வரனைப் பகைத்துக்கொண்டு அப்பா என்னை அனுப்பிவைத்தார், நான் வெறுங்கையோடு திரும்புகிறேன். இனிமேல் எந்த முகத்தோடு தவளை என்று வாயைத் திறப்பது? "சாரு, உங்க பொண்ணு லைன்ல கீது, ஓடியாங்க!" என்று அக்கா கத்துவது கேட்டது. அப்பா மூச்சு வாங்க வந்து போனை எடுத்தார். உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"கத்துச்சா?"

"இல்லப்பா" என்றேன். பூத்காரர் பார்க்கப் பார்க்க அழுதுவிட்டேன்.

"அட, இதுக்கா அழற?" என்றார் அப்பா. "அடுத்த வருஷ மழைக்கு இன்னொரு தடவ போயிட்டு வா. பொண்ணு பாக்க வர்றவங்க காத்துக்கிட்டிருக்கட்டும்."