விளக்கு வைத்த பிறகு வெளியே போகாத வம்சம்

துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில், கல் குவாரியில் லோடர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பகல் டியூட்டி மட்டும்தான். விளக்கு வைத்த பிறகு எங்கள் வம்சத்தில் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது, குலதெய்வத்தின் உத்தரவு என்று ஃபோர்மேனிடம் கெஞ்சி வாங்கியது. "ஒன் சாமி நம்ம கம்பெனியிலதான் டைம் கீப்பரா இருக்கு போல" என்று ரூமில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கண் டெஸ்டில் தோற்றேன். பக்கப் பார்வை இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மலையாளி டாக்டரம்மா தமிழிலேயே கேட்டார்.

"அப்பாவும் அம்மாவும் ஒரே ரத்தமா?"

எனக்குச் சுருக்கென்றது. "இல்லங்க மேடம். முறையான கல்யாணம்தான்."

"உங்க அம்மா அப்பாவுக்கு என்ன முறை வேணும்?"

"அக்கா மகள்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருட்டில் கண் தெரியுமா என்றார். இருட்டில் யாருக்குத்தான் தெரியும் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இது பரம்பரை நோய், விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வரும் என்றார். எனக்கு முறைப்பெண் அமையாமல் சொந்தமில்லாத அசலில் கட்டியதால் மகள் தப்பித்தாள். ஆனால் நோயின் விதை அவளிடம் இருக்கும். இதே நோய் உள்ளவனைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி.

மகளை அக்கா மகனுக்குத்தான் பேசி வைத்திருந்தோம். ரூமுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளைக்கு இருட்டுல கண்ணு தெரியுமாக்கா?"

"விளக்கு வச்சா நாமதான் வெளிய போறதில்லயே தம்பி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அது சாமி உத்தரவுல்ல?"

"சாமி எங்க சொல்லுச்சு? பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு தாத்தா சொல்லி வச்சது. அப்பா ஒன்கிட்ட சொல்லலையா? அசல்ல எடுத்தா கண்டுபிடிச்சிருவாங்க. நமக்குள்ளன்னா வாய மூடிக்கிட்டு இருக்கலாம்."

எத்தனை வருஷம் அந்தப் பொய்க்குக் கற்பூரம் காட்டியிருக்கிறேன். நன்றாகக் கண் தெரிகிற என் மகளை, சாயங்கால டியூஷனுக்குப் போகக் கூடாது என்று இங்கிருந்தே போனில் அதட்டியிருக்கிறேன். என்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

"இந்தச் சம்பந்தம் வேண்டாங்க்கா."

"சாமி ஒன்ன சும்மா விடாது."

"இனிமே இதுக்குச் சாமிய இழுக்காதக்கா. அவன மொதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அக்கா போனை வைத்துவிட்டது.

அடுத்து மனைவியைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பெண் கேட்டு யார் வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். சரி என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என்னைய பொண்ணு பாக்கவும் உச்சி வெயில்லதான வந்தீங்க?"

ஆமாம் என்றேன். அந்த நேரத்தைக் குறித்தது அப்பா.