கழுவாத ஸ்பாஞ்சு

நம்பாவிட்டால் பரவாயில்லை. சாப்பிட்ட கையோடு மட்டும் இதைப் படிக்காதீர்கள். இது என் கண்முன்னே நடந்தது. என் விரல்களில் ஒட்டியது.

என் மனைவியின் தம்பி இணைய வானொலி நடத்துகிறான். தனக்குத்தானே 'குரல் வேந்தர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். நிலையம் என்பது என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. உலகெங்கும் நேயர்கள் என்பான். அந்த உலகம் எங்கள் குடும்பம்தான். ஆளுக்கொரு கணினியில் வானொலியைத் திறந்து வைத்துவிட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். நேயர் எண்ணிக்கையும் கூடும், காதும் பிழைக்கும். சத்தத்தோடு கேட்பவர் என் மாமியார் மட்டுமே. பெற்ற பாவம்.

அன்று என் கடைக்கு விளம்பரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைக் கணினியில் சத்தத்தைக் கூட்டினேன்.

"அன்பு உள்ளங்களே..."

சளப்... சளப்...

மெல்லும் சத்தம். ஈரமாக. வாயை மூடாமல். வார்த்தைக்கு வார்த்தை எச்சில் இழுபடுவது துல்லியமாகக் கேட்டது. அவன் பாட்டுப் போட்டதும் போன் செய்தேன்.

"என்னடா மச்சான், வாயில என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மாமா. புது மைக்கு. அதான் தத்ரூபமா கேக்குது."

புது மைக்காம். மூடிப்போன ஏதோ ஒரு நிலையத்திலிருந்து வாங்கி வந்தது. அதன் தலையில் கறுப்பு ஸ்பாஞ்சு உறை. யார் யாருடைய எச்சிலோ தெறித்து விறைத்துப்போயிருந்தது. கிட்டே போனால் ஊசிப்போன பால் வாடை. முந்தின நாளே கழுவச் சொன்னேன்.

"கழுவினா அதுல ஊறியிருக்கிற குரல் வளம் போயிடும் மாமா" என்றான். வேந்தர் அல்லவா!

போனில் அவன் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் பாட்டு. பாட்டுக்கு அடியில்...

சளப்... சளப்...

"டேய், மைக்க மூடலயா?"

"பாட்டு ஓடும்போது மூடிருவேன். எனக்குத் தொழில் தெரியாதா?"

போனை வைத்துவிட்டான். பாட்டு முடிந்தது.

"மாழ்மா கழை..."

வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு பேசும் குரல். கிழட்டுக் குரல். அதன் பின்னாலேயே என் மச்சான் சொன்னான்:

"மாமா கடை..."

அடுத்த வரியும் அப்படியே. முதலில் அது. பிறகு அவன்.

அதற்கடுத்த வரியில் அது மட்டும்.

அவன் குரல் இல்லை.

க்ளக்.

விழுங்கும் சத்தம்.

மாடிக்கு ஓடினேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் நீலம். கண்கள் பிதுங்கியிருந்தன. மைக்கின் தலை மொட்டை. இரண்டு கன்னமும் உப்பி... தாடை மட்டும் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவன் கைகள் அந்தத் தாடையைத் திறக்கத்தான் போராடின.

விரலை விட்டுத் தோண்டினேன்.

வந்தது. இன்னும் வந்தது.

ஓர் உறையில் இவ்வளவு ஸ்பாஞ்சு இருக்கவே முடியாது. கொழகொழவென்று... வெதுவெதுப்பாக... நடுநடுவே நரைமுடி.

அவனுக்கு மூச்சு வந்தது. மைக்கைப் பிடுங்கினேன். கணினியை அணைத்தேன். மாடியின் மெயின் சுவிட்சையும் இறக்கினேன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஏழரைக்கெல்லாம் அவன் தொண்டைக்குள் குழாய்.

உயிர் தப்பிவிட்டான். "பேச்சு வர்றது சந்தேகம்தான்" என்றார் டாக்டர். குடும்பமே காத்திருந்த செய்தி. நான் மட்டும் கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை.

ஒன்பதரைக்கு மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? ஒன்பது மணி வரைக்கும் நல்லாத்தானே பேசிட்டிருந்தான்! நான் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்? இன்னிக்குத்தான் பிள்ளைக்குக் குரல் கணீர்னு இருந்துச்சு."

நான் கையை மறுபடி சட்டையில் துடைத்தேன்.

"முடிக்கும்போது உங்களுக்கு நன்றிகூடச் சொன்னானே..."

"எதுக்கு?"

"இடத்தைக் காலி பண்ணிக் குடுத்ததுக்கு."